எந்தப் பாகத்துக்கு எந்த முறை: ஒரு காற்றூதியை வைத்துப் பார்த்த புரோட்டோடைப் மதிப்பீடு

சிறிய மின்சாதனங்களின் உடலையும் உள்பாகங்களையும் வடிவமைப்பது என் வேலை. உற்பத்திக்கு முன் செய்து பார்க்கும் மாதிரிதான் புரோட்டோடைப். "புரோட்டோடைப் செய்ய எந்த முறை நல்லது?" என்று பொதுவாகக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. "இந்தப் பாகத்துக்கு எது?" என்று கேட்டால் ஏதாவது சொல்லலாம். "இந்தக் கிளிப் உடையுமா, உடையாதா என்று தெரிய வேண்டும், அதற்கு எது?" என்று கேட்டால் தெளிவாகவே சொல்லலாம். செலவு குறைவது அந்தக் கடைசிக் கேள்வியில்தான்.

இங்கே எழுதுவதெல்லாம் ஒரே ஒரு சாதனத்தை வைத்துத்தான். பேட்டரியில் ஓடும் கையடக்கக் காற்றூதி. கீபோர்டு, சர்க்யூட் போர்டு மாதிரியானவற்றில் படிந்த தூசியை ஊதித் தள்ளுவது. இரண்டு பாதியாக மூடும் வெளிக்கூடு, உள்ளே 60 மி.மீ. விட்டமுள்ள இம்பெல்லர் (காற்றைத் தள்ளும் இறக்கைச் சக்கரம்), மோட்டாரைப் பிடித்திருக்கும் பிராக்கெட், விரலால் அழுத்தும் ட்ரிகர், பேட்டரி மூடி, காற்று வெளியேறும் மூக்கைக் கழற்றி மாட்டும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம். பெரிய சாதனம் ஒன்றுமில்லை. ஆனால் வளைய வேண்டியது, சுழல வேண்டியது, சூடு தாங்க வேண்டியது, வழுக்க வேண்டியது, காற்றுக் கசியாமல் அடைக்க வேண்டியது என்று எல்லா விதமான வேலையும் இதற்குள்ளேயே இருக்கிறது. சிலவற்றை மேசையில் இருக்கும் 3டி பிரிண்டரில் செய்தேன், மற்றவற்றை வெளியே சர்வீஸ் கொடுப்பவர்களிடம் அனுப்பினேன். கண்காட்சியில் வைப்பதற்கான பளபளப்பு மாதிரிகள் வேறு கதை. அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.

முதலில் எஃப்.டி.எம். பிளாஸ்டிக் இழையை உருக்கிக் கோடு கோடாக இழுத்து, அடுக்கின் மேல் அடுக்காகப் போடும் முறை. ஸ்காட் கிரம்ப் 1989-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 2009-இல் அது காலாவதியான பிறகுதான் மேசை மேல் வைக்கும் மலிவான பிரிண்டர்கள் பெருகின. மலிவாகக் கிடைக்கிறது என்பதாலேயே இதைப் பொம்மை செய்யும் மெஷின் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏபிஎஸ், பாலிகார்பனேட், நைலான் என்று கடைசியில் மோல்டில் (உற்பத்தியில் உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தி வார்க்கும் அச்சில்) வரப்போகும் அதே குடும்பத்துப் பிளாஸ்டிக்கில் பாகம் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. காலையில் வரைந்ததைச் சாயங்காலம் கையில் பிடித்துப் பார்க்கலாம். வெளிக்கூட்டின் ஆரம்ப வடிவங்கள் எல்லாமே எனக்கு இதில்தான் பிறந்தன. மோட்டார் சரியாக உட்காருகிறதா, வயர் போக இடம் இருக்கிறதா, ஸ்க்ரூடிரைவர் நேராக நுழைகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

குறை என்ன என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே: கோடு ஓடும் திசையில் இருக்கும் பலம், அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே இருக்காது. பேட்டரி மூடியில் ஒரு கிளிப் இருக்கிறது. 10 மி.மீ. நீளக் கை, 1.5 மி.மீ. தடிமன், நுனியில் கொக்கி. கை படுத்த நிலையில் அச்சிட்டால் கோடுகள் கையின் நீளவாக்கில் ஓடும். ஓரளவு வளைந்து கொடுக்கும். நிற்க வைத்து அச்சிட்டால் முதல் தடவை மாட்டும்போதே டக்கென்று போய்விடும். வெளியே கொடுத்த இடம் ஒன்றில், மெஷினில் இடம் மிச்சமாகட்டும் என்று மூடியை நிமிர்த்தி வைத்து அச்சிட்டுக் கொடுத்துவிட்டார்கள். உடைந்த இடத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் இழுபட்டு உடைந்தால் ஓரத்தில் வெளுத்துப்போய், கொஞ்சம் கிழிந்த மாதிரி இருக்கும். இதில் வெளுப்பும் இல்லை, கிழிசலும் இல்லை; பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் அப்படியே தெரியும் சமதளம். அதாவது பிளாஸ்டிக் தோற்கவே இல்லை, அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. இப்படி உடைந்த பாகத்தை வைத்துக்கொண்டு "கிளிப் வடிவம் பலவீனம்" என்று முடிவுக்கு வந்து, கையைத் தடிமனாக்கினால் இன்னும் மோசம். தடிமன் கூடினால் அதே வளைவுக்கு மேற்பரப்பில் இழுவை அதிகமாகும். நல்ல வடிவத்தைக் கெடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அப்புறம் சூடு. பிஎல்ஏ இழையில் அச்சிடுவது சுலபம், அதனால் எல்லோரும் அதிலேயே ஆரம்பிக்கிறார்கள். அது 60 டிகிரி செல்சியஸ் அருகில் இளகத் தொடங்கிவிடும். மோட்டார் பிராக்கெட்டை பிஎல்ஏவில் செய்து, மோட்டாரை முழு வேகத்தில் ஓட விட்டால், நிறுத்திய பிறகுதான் வேடிக்கை. காற்று நின்றதும் மோட்டார் உடலில் தேங்கிய சூடு முழுக்க பிராக்கெட்டுக்குள் இறங்கும். ஸ்க்ரூ இறுக்கிய இடங்கள் அமுங்கிப்போய், மறுபடி ஆன் செய்யும்போது மோட்டார் தளர்ந்து ஆடும். ஏபிஎஸ் 105 டிகிரி வரையும், பாலிகார்பனேட் 140 டிகிரிக்கு மேலும் விறைப்பாக இருக்கும். பிராக்கெட்டுக்கு எஃப்.டி.எம். போதும், ஆனால் இழை இவற்றில் ஒன்றாக இருக்கட்டும்.

அடுத்தது எஸ்.எல்.ஏ. திரவ ரெசினை ஒளியால் உறைய வைப்பது. சக் ஹல் 1986-இல் காப்புரிமை பெற்ற இந்த முறையில்தான் 3டி பிரிண்டிங் என்ற தொழிலே ஆரம்பித்தது. பாகம் வந்து சேர்ந்து பெட்டியைத் திறக்கும்போது மனசு நிறைந்துவிடும். அடுக்கு தெரியாது, ஓரம் கூர்மையாக இருக்கும், அளவுகள் நன்றாக வந்திருக்கும். மோல்டிலிருந்து எடுத்த பாகம் என்றே நினைப்பார்கள். என் புகாரே அதுதான். பார்வைக்கு நிஜப் பாகம் மாதிரி இருப்பதால், வேலையும் நிஜப் பாகம் மாதிரி செய்யும் என்று மீட்டிங்கில் இருக்கிற எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

ரெசின் என்பது ஏபிஎஸ் மாதிரி உருகி உறையும் பிளாஸ்டிக் இல்லை. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வலையாகப் பின்னிக்கொண்டு நிரந்தரமாகக் கெட்டியாகிவிட்ட பொருள். "ஏபிஎஸ் போன்றது", "பாலிப்ரொப்பிலீன் போன்றது" என்று பெயர் வைத்து விற்பார்கள். டேட்டாஷீட்டில் (பொருளின் குணங்களை எண்களாகத் தரும் தாளில்) ஓரிரு எண்கள் ஒத்துப்போகும், அவ்வளவுதான். இழுவிசை பலம் ஏபிஎஸ்ஸைவிட அதிகமாகக்கூடப் போட்டிருக்கும். அந்த வரியை மட்டும் படித்துவிட்டு ஆர்டர் கொடுக்காதீர்கள், உடைவதற்குள் எத்தனை சதவீதம் நீளுகிறது, அடி தாங்கும் எண் என்ன என்ற இரண்டு வரிகளையும் பாருங்கள். சாதாரண ரெசினில் செய்த வெளிக்கூட்டில் தானாக மரை வெட்டிக்கொண்டு போகும் ஸ்க்ரூவை இறக்கினால், ஸ்க்ரூ தூண் நீளவாக்கில் பிளந்துகொள்ளும். இன்னொன்று, வெளிச்சத்தால் உறைந்த பொருள் வெளிச்சத்தில் வைத்தால் மேலும் மேலும் உறைந்துகொண்டே போகும். ஜன்னலோரம் கிடந்த பாகம் நாளடைவில் மஞ்சளித்து, இன்னும் எளிதில் உடையும் பதத்துக்கு வந்துவிடும். சோதனையைத் தள்ளிப்போட்டால் நீங்கள் சோதிப்பது வந்த நாளில் இருந்த பாகத்தையே அல்ல.

சரி, அப்படியென்றால் எஸ்.எல்.ஏ. வேண்டாமா? வேண்டும். காற்றூதியில் காற்று சுழன்று வெளியேறும் நத்தைக்கூட்டு வடிவப் பாதை இருக்கிறதே, அதை எஃப்.டி.எம்.மில் செய்தால் உள்சுவர் படிப்படியாக இருக்கும். காற்றின் வேகமும் சத்தமும் மோல்டில் வரப்போவதை ஒத்து வராது. எஸ்.எல்.ஏ.வில் உள்ளே வழவழப்பாக வந்தது, மூக்கில் அளந்த காற்றை நம்பிக் கணக்கு எழுத முடிந்தது. எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே பலம், கசியாது, ஒன்றோடொன்று பொருந்தும் முகங்கள் துல்லியமாக வரும். பாய்வது, அடைப்பது, பொருந்துவது ஆகியவற்றுக்கு எஸ்.எல்.ஏ.தான்; வளைவது, அடி வாங்குவது, சூடாவது ஆகியவற்றுக்கு வேறு எதாவது. சூடு தாங்கும் ரெசின்கள் தனியாக உண்டு, உண்மைதான். ஆனால் சூடு தாங்கத் தாங்க அவை கண்ணாடிக் குணத்துக்குப் போய்விடுகின்றன.

நான் அதிகமாக ஆர்டர் கொடுப்பது பவுடர் முறைகளுக்கு. எஸ்.எல்.எஸ். 1980-களில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் கார்ல் டெக்கார்டும் அவருடைய பேராசிரியர் ஜோ பீமனும் உருவாக்கியது. நைலான் பவுடரை உருகும் நிலைக்குச் சற்றுக் கீழே சூடாக வைத்திருந்து, வேண்டிய இடத்தை மட்டும் லேசரால் உருக்குவார்கள். எம்.ஜே.எஃப். 2016-இல் ஹெச்பி சந்தைக்குக் கொண்டுவந்தது. லேசருக்குப் பதில், சூட்டை உறிஞ்சும் மையைப் பவுடர் மேல் தெளித்து விளக்கால் உருக்குவார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பேச ஆரம்பித்தால் முடியாது. என் வேலைக்கு இரண்டும் ஒன்றுதான், யார் சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவர்களிடம் வாங்குவேன்.

இதில் பாகத்தைத் தாங்க முட்டுக்கொடுக்க வேண்டாம். சுற்றியிருக்கும் பவுடரே தாங்கிக்கொள்ளும். அதனால் உள்ளே எவ்வளவு சிக்கலான வடிவம் வேண்டுமானாலும் போடலாம், பவுடர் வெளியேற ஒரு வழி மட்டும் இருந்தால் போதும். அடுக்குகளுக்கு இடையிலான பலம் எஃப்.டி.எம்.மைவிட எவ்வளவோ மேல். பேட்டரி மூடிக் கிளிப்பை எடுத்துக்கொள்வோம். கொக்கி தாண்ட நுனி 1.2 மி.மீ. வளைய வேண்டும். கையின் அடிப்பகுதியில் வரும் இழுவையைக் கணக்கிட ஒரு எளிய வழி உண்டு: தடிமனையும் வளைவையும் பெருக்கி, அதை ஒன்றரையால் பெருக்கி, நீளத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 1.5 × 1.5 × 1.2 ÷ 100, அதாவது 2.7 சதவீதம். பிஎல்ஏவுக்கு இது எல்லையோரம். சாதாரண ரெசினுக்கு முதல் நாள் தாங்கும், அடிக்கடி கழற்றி மாட்டினால் போய்விடும். நைலான் 12 பவுடரில் செய்த பாகம் உடைவதற்குள் 15 முதல் 20 சதவீதம் நீளும் என்று டேட்டாஷீட் சொல்கிறது. நிமிர்ந்த திசையில் அதைவிடக் குறையும் என்றாலும் 2.7 சதவீதத்துக்குத் தாராளம். மூடியைக் கையில் கொடுத்துவிட்டால் பேசிக்கொண்டே திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பார்கள், ஒன்றும் ஆகாது.

இங்கேதான் கவனம் வேண்டும். நைலான் கிளிப் பாஸானதால் ஏபிஎஸ் கிளிப்பும் பாஸாகும் என்று அர்த்தமில்லை. நைலான் 12-இன் விறைப்பு சுமார் 1,700 மெகாபாஸ்கல்; சாதாரண ஏபிஎஸ் 2,000-க்கு மேலே இருக்கும். அதே வடிவத்தை ஏபிஎஸ் மோல்டில் வார்த்தால் கிளிப் முரட்டுத்தனமாக இருக்கும், நகம் வலிக்கத் திறக்க வேண்டியிருக்கும், இழுவையைத் தாங்கும் எல்லையும் குறைவு. எஸ்.எல்.எஸ். பாகத்தில் சோதிப்பது கொக்கியின் கோணம், மாட்டும் உணர்வு, மூடி ஆடுகிறதா என்பதைத்தான். ஆயுளை அல்ல. ஆயுள் தெரிய வேண்டுமானால் கடைசிப் பொருளிலேயே செய்தாக வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இம்பெல்லருக்கும் பவுடர்தான் என் தேர்வு. நிமிடத்துக்கு 20,000 சுற்று ஓடும்போது 60 மி.மீ. சக்கரத்தின் விளிம்பு நொடிக்கு 63 மீட்டர் வேகத்தில் போகிறது, அதாவது மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல். எஃப்.டி.எம்.மில் படுக்கப் போட்டு அச்சிட்டால் வட்டத் தகடு பலமாகத்தான் வரும், ஏனென்றால் வெளியே இழுக்கும் விசை அடுக்குகளின் தளத்திலேயே இருக்கிறது. தகட்டின் மேல் நிற்கிற இறக்கைகளில்தான் ஆபத்து. ஒவ்வொரு இறக்கையின் வேரும் ஒரு அடுக்கு இணைப்பு. போதாக்குறைக்கு, ஒவ்வொரு அடுக்கும் ஆரம்பித்து முடிகிற இடத்தில் ஒரு சின்ன மேடு விழும். மேடுகள் எல்லாம் ஒரே பக்கம் வரிசையாக அமைந்துவிட்டால் சக்கரம் சமநிலை இழந்து, சாதனம் கையில் நடுங்கும். எஸ்.எல்.ஏ. இம்பெல்லர் அழகாகச் சமநிலையில் சுழலும், ஆனால் கூட்டில் லேசாக உரசினாலும் சிதறும். எது போட்டு ஓட்டினாலும் கெட்டியான பெட்டிக்குள் வைத்துத் தூரத்திலிருந்து ஓட்டுங்கள். கண் கண்ணாடி மட்டும் போட்டுக்கொண்டால் போதும் என்று சொல்கிறவர்களோடு நான் வேலை செய்வதில்லை.

பவுடர் இம்பெல்லரில் மோட்டாரின் சுழலும் தண்டு (ஷாஃப்ட்) நுழையும் துளையை அப்படியே நம்பக் கூடாது. இந்த முறைகளில் 0.3 மி.மீ. முன்னே பின்னே வருவது சகஜம். மோட்டார் ஷாஃப்ட் 3.17 மி.மீ., அதில் இறுக்கமாக ஏற வேண்டும். துளையை வேண்டுமென்றே 2.8 என்று வரைந்து, வந்ததும் ரீமர் (துளையைச் சீராகப் பெரிதாக்கும் கருவி) போட்டு அளவுக்குக் கொண்டுவந்தால் சரியாக உட்காரும். சில சர்வீஸ்காரர்கள் கேட்டால் அவர்களே செய்து தருவார்கள். மேற்பரப்பு மணல் காகிதம் மாதிரி சொரசொரப்பாக இருக்கும், அதைச் சொல்லியே ஆக வேண்டும். ட்ரிகரை இதில் செய்தபோது பள்ளத்தில் கரகரவென்று நகர்ந்தது, விரலுக்கே பிடிக்கவில்லை. பெரிய தட்டையான பாகங்கள் வளைந்து வரும் வாய்ப்பும் அதிகம். அச்சு முடிந்த பெட்டி நிதானமாக ஆற வேண்டும், ஆறப் பல மணி நேரம் ஆகும். "இன்றே வேண்டும்" என்று நெருக்கினால் சூட்டோடு திறந்துவிடுவார்கள், வெளிக்கூட்டின் பாதி வாழைப்பழமாக வந்து சேரும்.

ட்ரிகருக்கு விடை, கணினி ஓட்டும் மெஷினில் கட்டியைக் கடையும் சி.என்.சி.தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிஓஎம் என்ற பிளாஸ்டிக் கட்டியிலிருந்து கடைந்து எடுத்தார்கள். தானாகவே வழுக்கும் பொருள், கடைய ஏற்றது, அளவு 0.05 மி.மீ. அளவுக்குக் கட்டுப்படும். ஸ்பிரிங் வைத்து அழுத்திப் பார்த்தபோது வந்த "டிக்" உணர்வு மோல்டு பாகத்தில் வரப்போவதேதான் என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது. சி.என்.சி.யின் பலம் முழுக்க இதுதான்: பொருள் மாதிரிக்காக வேறொன்றாக மாறுவதில்லை. ஏபிஎஸ் வேண்டுமா, ஏபிஎஸ் கட்டியிலேயே. கிளிப்பின் ஆயுளைப் பார்க்க நான் கடைசியில் போனது இங்கேதான். மோல்டில் பிளாஸ்டிக் ஓடி உறையும்போது உள்ளே தங்கும் இறுக்கம் கட்டியில் இருக்காது என்பதால் இதுவும் நூறு சதவீதம் ஒன்றல்ல. ஆனாலும் அச்சிட்ட எந்தப் பாகத்தையும்விட நிஜத்துக்குப் பக்கத்தில் நிற்கும்.

பலவீனம் வடிவத்தில். சுழலும் கட்டர் உள்மூலையைக் கூர்மையாக வெட்டாது, 3 மி.மீ. கட்டர் போட்டால் மூலையில் 1.5 மி.மீ. வளைவு நின்றுவிடும். வெளிக்கூட்டின் உள்ளே 1.2 மி.மீ. தடிமனில் 15 மி.மீ. உயரத்துக்கு விலா எலும்புகள் போட்டிருந்தேன். அவற்றின் நடுவே நுழைய மெலிந்து நீண்ட கட்டர் வேண்டும், அது வளைந்து அதிரும், விலாவும் அதிரும். மெஷினில் நிற்பவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இதை நாலு துண்டாக வெட்டி ஒட்டிக்கொள்ளலாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வெளிக்கூட்டை சி.என்.சி.க்கு அனுப்புவதை அத்தோடு விட்டுவிட்டேன். பாகத்தை எத்தனை பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்கிறதோ அத்தனைக்குச் செலவு ஏறும் என்பதை மட்டும் மனதில் வைத்து வரைந்தால், பிராக்கெட், ட்ரிகர், ஷாஃப்ட் சார்ந்த பாகங்களுக்கு இது அப்படியொன்றும் எட்டாத விலை இல்லை.

வெளிக்கூடு நிறையப் பேர் கைக்குப் போக வேண்டிய கட்டத்தில் வேக்குவம் காஸ்டிங் கைகொடுத்தது. எஸ்.எல்.ஏ.வில் ஒரு மூலப் பாகம் செய்து, தேய்த்து வழவழப்பாக்கி, அதைச் சுற்றி சிலிக்கோன் ஊற்றி அச்சு எடுப்பார்கள். அந்த அச்சில், காற்றை உறிஞ்சிய பெட்டிக்குள் வைத்து, பாலியூரித்தேனை வார்ப்பார்கள். ஒரு சிலிக்கோன் அச்சு 15 முதல் 25 பாகம் வரை தரும், அதற்குமேல் ஓரங்கள் பிய்ந்து சொதப்பும். சோதனைப் பயனர்களுக்குக் கொடுக்க இந்த எண்ணிக்கை கச்சிதம். கீழே போட்டால் பெரும்பாலும் தாங்கியது. மரையைப் பாலியூரித்தேனிலேயே வெட்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் ஸ்க்ரூ தூண்களில் எம்3 பித்தளை இன்செர்ட்டை (3 மி.மீ. ஸ்க்ரூவுக்கான உள்மரை உள்ள சின்னக் குழாயை) பதிக்கச் சொன்னேன். சூட்டுக்கு மட்டும் இதை நம்பவில்லை. உள்ளே மோட்டாரைப் பிடித்திருந்தது அலுமினியத்தில் கடைந்த பிராக்கெட்.

ரப்பர் வளையம் இருப்பதிலேயே சின்னப் பாகம், படுத்தியது அதிகம். எஃப்.டி.எம்.மில் டிபியு என்ற ரப்பர் மாதிரியான இழை போட்டுப் பார்த்தேன். சாதாரணமாகக் கிடைப்பது ஷோர் 95ஏ கடினம் (ரப்பர் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் அளவு, எண் கூடினால் கெட்டி), செருப்பின் அடிப்பாகத்தைவிடக் கெட்டி. மூக்கை மாட்டவே மல்லுக்கட்ட வேண்டியிருந்தது, அடுக்கு வரிகள் வழியாகக் காற்றும் கசிந்தது. எஸ்.எல்.ஏ.வின் மென்மையான ரெசின் தொட்டுப் பார்க்க ரப்பர் மாதிரியே இருந்தது. ஆனால் அமுக்கி வைத்துவிட்டு ஒரு ராத்திரி கழித்துக் கழற்றினால் பழைய உயரத்துக்கு எழுந்து வரவில்லை. அடைப்பு வளையத்துக்கு இருக்க வேண்டிய ஒரே குணம் அதுதான். கடைசியில் நிஜ சிலிக்கோனையே வார்க்க முடிவு செய்தேன், அச்சை மட்டும் பிரிண்ட் செய்துகொண்டால் போயிற்று.

இதில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பிளாட்டினத்தை வைத்து உறையும் சிலிக்கோனை எஸ்.எல்.ஏ. அச்சில் ஊற்றினால், அச்சைத் தொடும் பக்கம் உறையாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். ரெசினில் மிச்சமிருக்கும் ரசாயனங்கள் பிளாட்டினத்தை முடக்கிவிடுகின்றன. அச்சை நன்றாகக் கழுவி, ஒளியில் முழுக்க உறைய வைத்து, அடுப்பில் சுட்டு, மேலே வார்னிஷ் பூசினால் சரியாகலாம், ஆகாமலும் போகலாம். அச்சை எஃப்.டி.எம்.மில் செய்து, உள்பக்கத்தைத் தேய்த்து வழவழப்பாக்குவது தலைவலி குறைந்த வழி. வளையம் ஷோர் 40ஏ சிலிக்கோனில் வந்தது, கசிவு நின்றது.

அலுமினிய மோல்டு பற்றியும் கேட்பார்கள். அது மாதிரிக்கும் உற்பத்திக்கும் நடுவில் நிற்கிறது. வடிவம் ஓரளவு இறுகிய பிறகுதான் அந்தப் பக்கம் போக வேண்டும். ஆனால் சில விஷயங்களை மோல்டு மட்டும்தான் காட்டும். வெளிக்கூட்டில் காற்று உள்ளே போக வரிசையாகத் துளைகள் இருக்கின்றன. உருகிய பிளாஸ்டிக் ஒவ்வொரு துளையையும் சுற்றிக்கொண்டு பிரிந்து போய், மறுபக்கம் சேரும்; சேருமிடத்தில் ஒரு கோடு விழும், பலம் அங்கே குறையும். அந்தக் கோட்டை எந்த 3டி பிரிண்டரும் உங்களுக்குக் காட்டாது. தடித்த ஸ்க்ரூ தூணுக்கு வெளியே மேற்பரப்பு உள்வாங்கிக் குழி விழுவதும் அப்படித்தான்.

இனி சர்வீஸ் கொடுப்பவர்களைப் பற்றி. இணையத்தில் கோப்பை ஏற்றினால் உடனே விலை சொல்லும் இடங்களும் உண்டு, போனில் பேசி வேலை வாங்கும் சின்னப் பட்டறைகளும் உண்டு. முதல் வகை வேகம், வடிவம் எளிமையாக இருந்தால் குறையில்லை. கிளிப், இம்பெல்லர் மாதிரிப் பாகங்களை நான் இரண்டாவது வகையிடம்தான் கொடுக்கிறேன், ஏனென்றால் "இதை எந்தப் பக்கம் படுக்க வைப்பீர்கள்?" என்று கேட்க ஒரு மனிதர் வேண்டும். அச்சுத் திசையை வரைபடத்தில் அம்புக்குறி போட்டு எழுதிவிடுங்கள். வாயால் சொன்னது மெஷின் வரை போய்ச் சேராது. 3டி பிரிண்டருக்கு வழக்கமாகக் கொடுக்கும் எஸ்டிஎல் கோப்பில் அலகு என்று எதுவும் இருக்காது, வட்டமும் பட்டைப் பட்டையான கோடுகளாகத்தான் சேமிக்கப்படும். ஷாஃப்ட் துளையைப் பெரிதாக்கிப் பார்த்தால் பலகோணமாக இருக்கும். வளைவை வளைவாகவே சேமிக்கும் ஸ்டெப் கோப்பைக் கொடுங்கள், எந்த அளவு முக்கியம் என்று குறித்த ஒரு பிடிஎஃப் வரைபடத்தையும் சேர்த்துக் கொடுங்கள். பவுடர் வேலைக்குப் பழைய பவுடரில் எவ்வளவு புதிது கலக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால், பாகத்தின் நெகிழ்வும் தடுமாறத்தான் செய்யும்.

பாகம் வந்ததும் முதலில் தராசில் வைப்பேன், காலிப்பர் அப்புறம்தான். பாகத்தை வரையும் கேட் மென்பொருள் கன அளவைச் சொல்லிவிடும், டேட்டாஷீட்டில் அடர்த்தி இருக்கும். 20 கன செ.மீ. பாகம் எஸ்.எல்.எஸ். நைலானில் சுமார் 18.6 கிராம் இருக்க வேண்டும், எம்.ஜே.எஃப். என்றால் 20 கிராமை ஒட்டி. எஃப்.டி.எம். ஏபிஎஸ்ஸில் உள்ளே முழுக்க நிரப்பச் சொல்லியிருந்தால் 20.8 கிராம் அருகில் வர வேண்டும். 14 கிராம் காட்டினால் உள்ளே தேன்கூடு போட்டு மிச்சம் பிடித்திருக்கிறார்கள். அந்தப் பாகத்தைச் சோதனை பெஞ்சுக்குக் கொண்டுபோகாமல், எடையை எழுதி ஒரு போட்டோவோடு அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவேன்.